ஏலத்தில் போன மனசு

2025 டிசம்பர் 16 அன்று அபுதாபியில் நடந்த ஐபிஎல் ஏலத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் இரண்டு பையன்களை எடுத்தது. ஒருவர் உத்தரப்பிரதேசத்தைச் சேர்ந்த பிரசாந்த் வீர், வயது 20. இன்னொருவர் ராஜஸ்தானைச் சேர்ந்த கார்த்திக் சர்மா, வயது 19. இருவருக்கும் அடிப்படை விலை 30 லட்சம். சுத்தியல் விழுந்தபோது ஒவ்வொருவர் விலையும் 14 கோடியே 20 லட்சத்தில் நின்றது. இந்திய அணிக்கு ஆடாத ஓர் இந்திய வீரருக்கு அதுவரை எந்த அணியும் இவ்வளவு கொடுத்ததில்லை. அன்றுவரை இருவரும் ஐபிஎல்லில் ஒரு பந்துகூட ஆடியதும் இல்லை.

விருதுநகரை ஒட்டிய சூலக்கரை மாதிரி ஓர் ஊரில் இந்தச் செய்தி எப்படி வந்து இறங்கும் என்பது அந்தப் பக்கத்து ஆட்களைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். டீக்கடையில் ஒருவர் கையிலுள்ள போனைச் சுற்றி நாலு தலை கூடும். "யாருப்பா இவன்?" என்பார் ஒருவர். "பதினாலு கோடியா? இதுக்கு ஜடேஜாவையே வச்சிருக்கலாமே" என்பார் அடுத்தவர். "மாப்ள, யூபி லீக்ல இந்தப் பய ஆடுனதப் பாத்தியா? பாக்காமப் பேசாத" என்று சண்டைக்கு வருவார் மூன்றாமவர். வயசில் மூத்த அண்ணாச்சி ஒருவர், "தல தோனி சொல்லாமலா எடுத்திருப்பாங்க? அவருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகுது" என்று தீர்ப்பு வழங்கிவிட்டு டம்ளரை வைப்பார். கடைக்காரருக்குப் பழைய பாக்கி நினைவுக்கு வரும்.

கவனித்துப் பார்த்தால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அன்று பந்து வீசப்படவில்லை, மட்டை சுழலவில்லை, புள்ளிப்பட்டியலில் ஒரு புள்ளிகூட அசையவில்லை. ஆனாலும் கோபம் நிஜம், கொண்டாட்டம் நிஜம். முகம் தெரியாத ஒரு பையனை முன்னிட்டு, அவன் எதுவும் செய்வதற்கு முன்பே, மனிதர்கள் ஏன் இப்படிக் கொதிக்கிறார்கள்? அந்தக் கொதிப்பில் சொல்லும் தீர்ப்புக்கு ஏதாவது மதிப்பு உண்டா? முதல் கேள்விக்கு மூளை அறிவியலும் சமூக உளவியலும் விடை வைத்திருக்கின்றன. இரண்டாவதற்குப் புள்ளியியலிடம் போக வேண்டும்.

முதலில் மூளை. சுவிட்சர்லாந்தில் வேலை பார்த்த வுல்ஃப்ராம் ஷூல்ட்ஸ், குரங்குகளின் மூளையில் டோபமைன் சுரக்கும் நரம்பணுக்களை ஒவ்வொன்றாக ஒட்டுக்கேட்டார். குரங்கின் வாயில் எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு விழுந்தால் அந்த அணுக்கள் படபடவெனத் துடித்தன. சாறு வருமுன் ஒரு விளக்கு எரியும் என்று குரங்கு பழகிய பிறகு நிலைமை மாறியது. துடிப்பு விளக்கு எரியும்போதே வந்துவிட்டது. சாறு வந்த நேரத்தில் அணுக்கள் சும்மா இருந்தன. விளக்கு எரிந்தும் சாறு வராத நாளில் வழக்கமான துடிப்பும் அடங்கிப்போனது. 1997-இல் ஷூல்ட்ஸும் பீட்டர் தயானும் ரீட் மாண்டேகும் இதற்குக் கணக்கு வடிவம் கொடுத்தார்கள். அந்த அணுக்கள் அளப்பது இன்பத்தை அல்ல; எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை.

குரங்கின் நரம்பணுவிலிருந்து சூலக்கரை டீக்கடைக்கு ஒரே தாவாகத் தாவுவது சரியல்ல என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஏல நாளின் உற்சாகத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழிகாட்டி கிடைப்பது கடினம். ஏலம் என்பது விளக்கு எரியும் நேரம். சாறு சீசன் தொடங்கிய பிறகுதான் வரும், வராமலும் போகலாம். மனசுக்கு அந்தக் கவலை இல்லை. 2025 சீசனில் சென்னை அணி தன் வரலாற்றிலேயே முதல்முறையாகக் கடைசி இடத்தில் முடித்திருந்தது. எதிர்பார்ப்பு தரையைத் தொட்டிருந்த அந்த நேரத்தில் வந்த எந்தப் புதுப் பெயரும் மேலே இழுக்கத்தான் செய்யும். போதாக்குறைக்கு, ஒரு மாதம் முன்புதான் ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனை வாங்கியிருந்தார்கள். 2023 இறுதி ஆட்டத்தின் கடைசி இரண்டு பந்துகளில் ஒரு சிக்ஸரும் ஒரு பவுண்டரியும் அடித்துக் கோப்பையைக் கையில் கொடுத்த மனிதர் ஜடேஜா. அந்த இடம் காலியாக இருந்தபோது வந்தவர் இடக்கைச் சுழல் வீசும் ஆல்ரவுண்டர் வீர். பையனைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களுக்கும் அவர்மேல் ஓர் அபிப்பிராயம் உடனே பிறந்ததற்கு இது போதும்.

அடுத்தது "நம்ம" என்ற உணர்வு. ஏல நாளில் யாரும் "சென்னை அணி நிர்வாகம் எடுத்தது" என்று சொல்வதில்லை. "நாம எடுத்துட்டோம்" என்பார்கள். பணம் கொடுத்தவர் யார் என்று நினைத்தால் சிரிப்பு வரும். ராபர்ட் சியால்டினி குழுவினர் 1976-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பிடித்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் சனிக்கிழமை தங்கள் கால்பந்து அணி ஜெயித்தால், திங்கட்கிழமை வகுப்புக்குப் பல்கலைக்கழகப் பெயர் போட்ட சட்டையுடன் வரும் மாணவர்களின் எண்ணிக்கை கூடியது. ஆட்டத்தைப் பற்றிக் கேட்டபோது, ஜெயித்த ஆட்டத்தை "நாங்கள்" என்றும், தோற்ற ஆட்டத்தை "அவர்கள்" என்றும் சொல்லும் போக்கு தெரிந்தது. அடுத்தவர் ஒளியில் குளிர்காய்வது என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். நம் ஊரிலும் மஞ்சள் சட்டை எந்த மாதத்தில் வெளியே வருகிறது, எந்த மாதத்தில் மடித்து அலமாரிக்குள் போகிறது என்பதைப் பார்த்தால் போதும்.

இந்த "நம்ம" உருவாக ஊரோ மொழியோ கட்டாயம் இல்லை. ஹென்றி தாஜ்ஃபெல் 1970-களின் தொடக்கத்தில் பிரிஸ்டல் நகரப் பள்ளிச் சிறுவர்களிடம் இரண்டு ஓவியர்களின் படங்களைக் காட்டி, எது பிடித்திருக்கிறது என்று கேட்டார். பிறகு "நீ கிளே குழு, நீ கண்டின்ஸ்கி குழு" என்று பிரித்தார். உண்மையில் அந்தப் பிரிப்பு தற்செயலானது. தங்கள் குழுவில் வேறு யார் இருக்கிறார்கள் என்றுகூடச் சிறுவர்களுக்குத் தெரியாது. அப்படியிருந்தும் காசு பங்கிடச் சொன்னபோது முகம் தெரியாத தங்கள் குழுக்காரனுக்கே கூடுதலாகக் கொடுத்தார்கள். 2008 பிப்ரவரியில் நடந்த முதல் ஏலத்தில் 15 லட்சம் டாலருக்குச் சென்னை எடுத்த மகேந்திர சிங் தோனி ராஞ்சிக்காரர். அவர் "தல" ஆனதையும் உத்தரப்பிரதேசத்து ரெய்னா "சின்ன தல" ஆனதையும் தமிழ்நாட்டின் தனிப் பெருமை என்று மேடையில் பேசலாம்தான். தாஜ்ஃபெல் கேட்டிருந்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்.

இனி இரண்டாவது கேள்வி: அந்தத் தீர்ப்புக்கு மதிப்பு உண்டா? தீர்ப்பு விலையை வைத்துத்தான் சொல்லப்படுகிறது, அதனால் விலையிலிருந்து தொடங்குவோம். இங்கே விருதுநகர்க்காரர்களுக்கு மற்றவர்களைவிட ஒரு சௌகரியம் உண்டு. பருப்பும் வத்தலும் மல்லியும் எண்ணெயும் விலை பேசி வளர்ந்த ஊர் அது. விருதுநகர்ச் சந்தை விலை பத்திரிகையில் தனியாக வரும். மண்டியில் ஒரு வத்தல் மூட்டையை நாலைந்து வியாபாரிகள் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் உள்ளே கைவிட்டு ஒரு பிடி எடுத்து, நிறத்தையும் காய்ச்சலையும் பார்த்து மனசுக்குள் ஒரு விலை போடுகிறார். மூட்டைக்கு உள்ளே இருப்பது எல்லாருக்கும் ஒன்றுதான். சிலர் குறைத்து மதிப்பார்கள், சிலர் கூட்டி மதிப்பார்கள். சராசரி உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும். ஆனால் மூட்டை சராசரிக்காரருக்குப் போகாது. அதிகபட்சமாகக் கூட்டி மதித்தவருக்குத்தான் போகும். ஏலத்தில் ஜெயித்தவர் என்றாலே, பெரும்பாலும் கூட்டி மதித்துத் தவறியவர் என்று பொருள்.

இதற்கு "வென்றவர் சாபம்" என்று பெயர். 1971-இல் கேப்பன், கிளாப், கேம்ப்பெல் என்ற மூன்று பெட்ரோலியப் பொறியாளர்கள், மெக்சிகோ வளைகுடாவில் கடலுக்கடியில் எண்ணெய் எடுக்க ஏலம் எடுத்த கம்பெனிகள் ஏன் எதிர்பார்த்த லாபத்தைப் பார்க்கவில்லை என்று ஆராய்ந்தபோது இதைக் கண்டார்கள். 1983-இல் பேசர்மனும் சாமுவேல்சனும் வகுப்பறையிலேயே செய்து காட்டினார்கள். ஒரு ஜாடிக்குள் 8 டாலர் மதிப்புள்ள காசுகள். மாணவர்களின் சராசரி மதிப்பீடு 5 டாலர் 13 சென்ட். அதாவது கூட்டமாகப் பார்த்தால் குறைத்துத்தான் மதித்தார்கள். இருந்தும் ஏலத்தில் வென்ற தொகையின் சராசரி 10 டாலர் 1 சென்ட். வென்றவர்களுக்குச் சராசரியாக இரண்டு டாலர் நஷ்டம்.

வீரர் ஏலம் முழுக்க வத்தல் மூட்டை அல்ல. ஒரு அணிக்கு இடக்கைச் சுழல் ஆள் தேவை, இன்னொன்றுக்குத் தேவையில்லை. அதனால் ஒரே ஆளின் மதிப்பு அணிக்கு அணி மாறும். இன்னொன்றையும் ரசிகர்கள் கவனிப்பதில்லை. கை தூக்கி ஏற்றும் ஏலத்தில் ஜெயித்தவர் கொடுப்பது, கடைசியாக விட்டுக்கொடுத்தவர் சொன்னதைவிட ஒரு படி மேல். அவ்வளவுதான். 14.20 கோடி என்றால் இன்னொரு அணியும் கிட்டத்தட்ட அந்த விலைக்கு வந்து நின்றது என்று அர்த்தம். "சிஎஸ்கேவுக்குப் புத்தி கெட்டுப்போச்சு" என்று திட்டுகிறவர்கள் குறைந்தது இரண்டு அணிகளையாவது சேர்த்துத் திட்ட வேண்டும்.

கையிலுள்ள நிஜமான உதாரணத்துக்கு வருவோம். 2022 டிசம்பர் 23, கொச்சி ஏலம். சென்னை பென் ஸ்டோக்ஸை 16 கோடியே 25 லட்சத்துக்கு எடுத்தது. அதுவரை அந்த அணி யாருக்கும் கொடுத்ததிலேயே பெரிய விலை. அடுத்த கேப்டன் இவர்தான் என்று பேச்சு பறந்தது. அதே ஏலத்தில் அஜிங்க்ய ரஹானேவை அடிப்படை விலையான 50 லட்சத்துக்கு எடுத்தபோது, டெஸ்ட் மேட்ச் ஆடுகிறவரை எதற்கு எடுத்தார்கள் என்ற கேலிதான் மிஞ்சியது. சீசன் வந்தது. ஸ்டோக்ஸ் இரண்டு ஆட்டங்கள் ஆடினார், மொத்தம் 15 ரன், பிறகு காயம். ரஹானே வான்கடேயில் மும்பைக்கு எதிராக 27 பந்தில் 61 அடித்தார். ஈடன் கார்டனில் கொல்கத்தாவுக்கு எதிராக 29 பந்தில் ஆட்டமிழக்காமல் 71. சீசன் முடிவில் 326 ரன், ஸ்ட்ரைக் ரேட் 172. அந்த ஆட்டத்தின் தெம்பில் இந்திய டெஸ்ட் அணிக்குள் திரும்பவும் நுழைந்தார். சென்னை கோப்பையைத் தூக்கியது.

விலைக்கும் ஆட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது. ஒரு சீசனின் இரண்டு பேர் அவ்வளவு பெரிய சாட்சி அல்ல. ஆனால் வரிசை நீளமானது. 2021-இல் 9 கோடியே 25 லட்சத்துக்கு வந்த கிருஷ்ணப்பா கௌதம் அந்த சீசனில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. 2022-இல் 14 கோடி தீபக் சாஹர் காயத்தால் சீசன் முழுவதும் வெளியே. மறுபக்கம், பின்னாளில் கேப்டனான ருதுராஜ் கெய்க்வாட் முதலில் வந்தது 20 லட்சத்துக்கு. கபடியிலும் இதே கதை. 2022-இல் பவன் செராவத்தைத் தமிழ் தலைவாஸ் 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தது, புரோ கபடியில் அன்றைய உச்ச விலை. முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். அவர் இல்லாத அந்த அணி, நரேந்தர் என்ற புதுப்பையனின் ரெய்டுகளால், தன் வரலாற்றில் முதல்முறையாக அரையிறுதிக்குப் போனது.

இந்த விஷயத்தை ஆழமாக ஆராய்ந்தவர்கள் அமெரிக்கர்கள். அவர்களுடைய கால்பந்து நம்முடையது இல்லை; முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்து ஆடுவது. அதில் குவார்ட்டர்பேக் என்பவர் ஒவ்வொரு தாக்குதலையும் தொடங்கி வைப்பவர், பந்தை யாருக்கு எறிவது என்று சில நொடிகளில் முடிவெடுப்பவர். கேப்டனும் தொடக்க ஆட்டக்காரரும் ஒரே ஆளில் இருப்பதுபோல. அங்கே புதியவர்களை ஏலம் விடுவதில்லை. முந்தின ஆண்டு மோசமாக ஆடிய அணி முதலில் தேர்ந்தெடுக்கும், வரிசையாகப் போகும். 1999-இல் ஃபிலடெல்ஃபியா அணி இரண்டாவது ஆளாக டோனோவன் மெக்நாப் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தது. ரிக்கி வில்லியம்ஸ் என்ற வேறொருவரைக் கேட்டுப் பஸ் பிடித்து நியூயார்க் வந்திருந்த அந்த ஊர் ரசிகர்கள், மெக்நாப் மேடையேறியபோது ஊளையிட்டார்கள். அதே மெக்நாப் பின்னால் அவர்களை சூப்பர் பவுல் என்ற இறுதி ஆட்டம் வரை கூட்டிப்போனார். 2000-ஆம் ஆண்டு 198 பேரை எடுத்து முடித்த பிறகு 199-ஆவதாக எடுக்கப்பட்ட டாம் பிரேடி, ஏழு சூப்பர் பவுல் வென்றார்.

கதைகளை விட்டுவிட்டு எண்ணிக்கைக்குப் போனாலும் படம் மாறவில்லை. கேட் மேஸியும் ரிச்சர்ட் தேலரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில் பல ஆண்டுத் தேர்வுகளை அலசினார்கள். ஒரே இடத்துக்கு அடுத்தடுத்து எடுக்கப்பட்ட இருவரில், முன்னால் எடுக்கப்பட்டவர் பின்னவரைவிட நன்றாக ஆடிய வாய்ப்பு 52 சதவீதம். நாணயம் சுண்டினால் 50. தேலருக்கு 2017-இல் பொருளாதார நோபல் கிடைத்தது. அந்த அணிகளோ இன்றும் முதல் இடங்களுக்கு அள்ளிக் கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

ஏன் இப்படி? அணிகளுக்கு அறிவில்லை என்பது காரணமல்ல. தேர்வாளர்களின் கண்ணில் படுவது யார் என்று யோசியுங்கள். கடந்த சீசனில் வெளுத்து வாங்கியவர். வெளுத்து வாங்குவதில் திறமையும் இருக்கிறது, அந்த ஆண்டின் அதிர்ஷ்டமும் இருக்கிறது. எட்ஜ் ஆன பந்து ஸ்லிப்புக்கு எட்டாமல் போனது, கேட்ச் நழுவியது, எல்லாம் சேர்ந்துதான் அந்த எண். மாநில லீக்கின் பத்துப் பன்னிரண்டு ஆட்டங்களில் இரண்டையும் பிரித்துப் பார்க்க யாராலும் முடியாது. அடுத்த ஆண்டு திறமை கூட வரும், அதிர்ஷ்டம் வர வேண்டிய கட்டாயம் இல்லை. 1886-இல் பிரான்சிஸ் கால்டன் பெற்றோர், பிள்ளைகளின் உயரத்தை அளந்து கண்டது இதையேதான். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் உயரமாகத்தான் இருந்தார்கள், ஆனால் சராசரியாகப் பெற்றோர் அளவுக்கு இல்லை. உச்சத்தில் பிடித்து வந்த எதுவும் கொஞ்சம் இறங்கும். அந்த இறக்கத்தை நாம் "பணம் வந்ததும் தலைக்கனம் ஏறிடுச்சு" என்று மொழிபெயர்த்துக்கொள்கிறோம். 2023 டிசம்பரில் 8 கோடியே 40 லட்சத்துக்கு வந்த சமீர் ரிஸ்வி, ஐபிஎல்லில் தான் சந்தித்த முதல் பந்தையே, அதுவும் ரஷீத் கான் பந்தை, சிக்ஸருக்குத் தூக்கினார். அன்று அவர் மாமேதை. சீசன் முடிவில் அணி அவரை விட்டுவிட்டது. அடுத்த ஏலத்தில் டெல்லி எடுத்த விலை 95 லட்சம். ஓராண்டில் ஒரு இளைஞனின் திறமை ஒன்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடாது. சுருங்கியது நம் எதிர்பார்ப்புதான்.

விலை இன்னொரு வேலையும் செய்கிறது, எனக்கு இதுதான் மிகவும் கவலை தருவது. அது நம் கண்ணையே மாற்றிவிடுகிறது. 2008-இல் ஹில்கே பிளாஸ்மன் குழுவினர், ஒரே ஒயினை ஒருமுறை 10 டாலர் என்றும் ஒருமுறை 90 டாலர் என்றும் சொல்லிக் குடிக்கக் கொடுத்து, ஸ்கேனரில் மூளையைப் பார்த்தார்கள். 90 டாலர் என்றபோது சுவை நன்றாக இருப்பதாகச் சொன்னது மட்டுமல்ல, இன்பத்தோடு தொடர்புடைய மூளைப் பகுதியும் கூடுதலாக இயங்கியது. பொய் சொல்லவில்லை, நிஜமாகவே ரசித்திருக்கிறார்கள். பயிற்சியாளர்களும் இதற்குத் தப்பவில்லை. பேரி ஸ்டாவும் ஹா ஹோவாங்கும் 1995-இல் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர்களைப் பார்த்தபோது, ஒரே அளவு நன்றாக ஆடுகிறவர்களிலும் முன்னால் எடுக்கப்பட்டவருக்கே அதிக நேரம் களம் கிடைத்தது. அவரை அணி விடவும் நாளானது. பெரிய விலை போட்டாயிற்று, உட்கார வைத்தால் வாங்கியவர் முகம் போய்விடும். 20 லட்சத்துக்கு வந்த பையனுக்கு இரண்டு ஆட்டம் சொதப்பினால் பெஞ்சு. 14 கோடிக்காரனுக்கு ஆறு வாய்ப்பு. ஆனால் ரசிகர்களிடம் நேரெதிர்: 20 லட்சத்துக்காரன் கேட்ச் விட்டால் "பாவம், சின்னப் பய", 14 கோடிக்காரன் விட்டால் அவன் வீட்டார் வரை வசவு போகும். 19 வயதில் அந்தச் சுமை எப்படி இருக்கும் என்று ஏல நாளில் யாரும் கேட்பதில்லை. விலையைத் தன் தலையில் ஏற்றியது அவன் இல்லை. இரண்டு அணிகள் மாறிமாறிக் கை தூக்கின.

இவ்வளவும் படித்த பிறகு ஏல நாளில் யாரும் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்தச் சத்தம்தான் ரசிகனின் சீசன் தொடக்கம். வெடி போடுகிறவர்கள் போடட்டும், சிவகாசி பக்கத்தில் அதற்கா பஞ்சம். ஆனால் அது பையனைப் பற்றிய தீர்ப்பு அல்ல. உங்கள் எதிர்பார்ப்பு அன்று எங்கே நின்றது என்பதற்கான அளவுகோல், அவ்வளவே.

நம்பாதவர்கள் தங்களையே சோதித்துப் பார்க்கலாம். 1972-இல் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனா போவதற்கு முன், என்னென்ன நடக்கும் என்று பரூக் ஃபிஷ்ஹாஃப்பும் ரூத் பெய்த்தும் மாணவர்களிடம் கணிப்புக் கேட்டு வாங்கி வைத்தார்கள். பயணம் முடிந்த பிறகு, "அன்று நீங்கள் என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டார்கள். நடந்த விஷயங்களைத் தாங்கள் முன்பே உறுதியாகச் சொன்னதாகவே பலருக்கு நினைவு வந்தது. "நான் அப்பவே சொன்னேன்ல" என்பவர் பொய்யர் இல்லை. அவர் மூளை பழைய தாளைத் திருத்தி எழுதிவிட்டது.

ஆகவே அடுத்த ஏலத்தன்று ஒரு காரியம் செய்யுங்கள். தினசரிக் காலண்டரில் அன்று கிழித்த தாளின் பின்பக்கம், உங்கள் அணி எடுத்த ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எத்தனை ஆட்டம் ஆடுவார், நன்றாக ஆடுவாரா மாட்டாரா என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, நண்பர் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். மே மாதக் கடைசியில் இறுதி ஆட்டம் முடிந்ததும் வாங்கிப் படியுங்கள். நாலைந்து வருடத் தாள்கள் சேர்ந்த பிறகு, நாணயம் சுண்டுவதைவிட நீங்கள் எவ்வளவு மேல் என்பது தெரிந்துவிடும்.